முழுப் பச்சை

அவிநாசி ரோட்டை விட்டு வடக்கே திரும்பி, மூடிக்கிடக்கும் ஒரு ஸ்பின்னிங் மில்லையும் திறந்தே கிடக்கும் ஒரு சாக்கடையையும் தாண்டினால் அமுதசுரபி கார்டன் என்றொரு லேஅவுட் வரும். அதில் அமுதமும் கிடையாது, சுரபியும் கிடையாது, பெயருக்கென்று இருந்த கார்டனையும் அசோசியேஷன் ஆபீஸ் கட்டுவதற்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அந்த லேஅவுட்டில் குடியிருந்த அத்தனை பேருக்கும், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஒருநாள் காலையில், வலது காதுக்குக் கீழே கடுகளவு பச்சை விளக்கு ஒன்று முளைத்தது.

பால்காரர் பார்த்தார், பேப்பர் போடுகிறவர் பார்த்தார், வீட்டுக்காரர்கள் பல் துலக்கிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தார்கள். வலிக்கவில்லை, அரிக்கவில்லை, கரண்ட் பில்லும் ஏறவில்லை என்பதால் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ருக்குமணி அக்கா என்று ஒருத்தி மட்டும் இனிமேல் கொண்டையை எந்தப் பக்கம் தள்ளிப் போடுவது என்று அரைநாள் யோசித்தாள். சாயங்காலத்துக்குள் இன்னொரு சங்கதியும் தெரிந்துபோயிற்று: ஒரு மனுஷனுக்குத் தாங்கமுடிகிற அளவுக்குமேல் எதுவோ ஏறிவிட்டால் பச்சை மஞ்சளாகிவிடுகிறது. மருமகளோடு சண்டை போட்டவர்களுக்கு மஞ்சள், சண்டையே போடாமல் வாயை மூடிக்கொண்டிருந்த மருமகள்களுக்கு அதைவிட அடர்ந்த மஞ்சள்.

இது எங்கிருந்து வந்தது என்று அந்த லேஅவுட்டிலேயே பரிமளா ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சொன்னாலும் யாருக்கும் புரிந்திருக்காது. அவள் பொன்மணி டேட்டா சென்டரில் ஸ்விட்ச்சுகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள், எங்கள் வீட்டு ஃபேன் ஸ்விட்ச்சைச் சித்த பார்த்துவிட்டுப் போ அம்மணி என்று கல்யாண வீட்டிலேயே வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அவள் பார்த்தது அந்த ஸ்விட்ச் இல்லை. கம்பெனிகளின் கணக்கும் ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டும் பெரிய பெரிய டிஸ்க் பெட்டிகளில் ஒரு பக்கம் கிடக்கும், அதைக் கொண்டா இதைக் கொண்டா என்று கேட்கிற கம்ப்யூட்டர்கள் இன்னொரு பக்கம் நிற்கும், நடுவே உட்கார்ந்துகொண்டு அதை இதற்கும் இதை அதற்கும் கைமாற்றிக் கொடுப்பதுதான் அவளுடைய ஸ்டோரேஜ் ஸ்விட்ச். அதில் வரிசையாகத் துளைகள், துளைக்குப் போர்ட் என்று பெயர், ஒவ்வொரு போர்ட்டிலும் கண்ணாடி இழை ஒன்று செருகியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விளக்கு. எந்தப் போர்ட்டில் எத்தனை பிழை வரலாம், எவ்வளவு பாரம் ஏறலாம் என்று வரம்பு வைப்பது அவள் வேலை. வரம்பு மீறினால் விளக்கு மஞ்சளாகும், அவள் போனுக்கு அலர்ட் வரும்.

அந்த அலர்ட்டுக்கு அடியில் ஒரு பட்டன் உண்டு. பொன்மணியின் முதலாளிக்குத் தமிழ்ப்பற்று அதிகம். சாஃப்ட்வேர் முழுக்கத் தமிழில்தான் இருக்கவேண்டும் என்று மொழிபெயர்க்க ஆள் போட்டார். அந்த ஆள் ‘பார்த்துவிட்டேன்’ என்று எழுதவேண்டிய பட்டனில், என்ன யோசித்தாரோ, ‘பரவாயில்லை’ என்று எழுதி வைத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதை அழுத்தினால் மஞ்சள் விளக்கு பச்சையாகிவிடும். பிழை அப்படியே இருக்கும், உள்ளே எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கும், விளக்கு மட்டும் பச்சை.

ஆயுத பூஜையன்று மானேஜர் வித்யாசாகர், ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கச் சொன்னார். கதவுக்கு வைத்தார்கள், ஏசிக்கு வைத்தார்கள், லிப்டுக்கு வைத்தார்கள், கடைசியில் ஸ்விட்ச்சின் போர்ட் போர்ட்டாக வைத்தார்கள். மறுநாளே பதினோராம் போர்ட் மஞ்சளாயிற்று. கண்ணாடி இழையின் முனையில் ஒரு துளி குங்குமம் போய் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்தை மறித்தது.

“அழுக்க எடுத்துட்டாப் போதுங்க சார், அஞ்சு நிமிஷ வேலை” என்றாள் பரிமளா.

“ஏனுங்க பரிமளா, குங்குமத்தப் போயி அழுக்குங்கறீங்களே!” என்று வித்யாசாகர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்காரங்க சென்டரப் பாக்க வர்றாங்க. ஒத்த மஞ்சள் கண்ணுல படக்கூடாது. வரம்ப உசத்தி வெச்சிருங்க.”

“உசத்தினா பிழை போயிருமுங்களா?”

“மஞ்சள் போயிருமில்ல?”

பரிமளா பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எதற்கெல்லாம் இந்த வரம்பு என்று திரை கேட்டது. பதினொன்று என்று போட்டிருக்கலாம், இந்த ஸ்விட்ச் என்று போட்டிருக்கலாம், ஆனால் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ‘எல்லாவற்றுக்கும்’ என்பதைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு விதியை மட்டும் அவள் தொடவில்லை. அதற்கு வேலி என்று பெயர். எவ்வளவு வரம்பை உயர்த்தினாலும், எத்தனை தடவை பரவாயில்லை சொன்னாலும், உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் பிழை ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஸ்விட்ச் யாரையும் கேட்காமல் அந்தப் போர்ட்டைச் சாத்திக்கொண்டுவிடும். அப்புறம் பட்டன் எதற்கும் மசியாது. ஆள் போய், இழையை உருவி, முனையைப் பார்த்து, துடைத்து, கையால் திறக்கவேண்டும். வேலியை எடுத்துவிடச் சொல்லி வித்யாசாகர் கேட்டிருந்தார். ஆபீசில் உண்மை பேசுவது அது ஒன்றுதான் என்பதால் எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இப்படித்தான் லேஅவுட்டுக்கு விளக்கு வந்தது. யாருக்கு மஞ்சளானாலும் பேரோடு அலர்ட் பரிமளாவின் போனுக்கே வந்தது, அது மட்டும் எப்படியோ ஊருக்கும் தெரிந்துபோயிற்று. வந்த விளக்குக்கு லேஅவுட் என்ன செய்தது என்று சொல்லவேண்டுமே. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு, பொண்ணு பச்சைங்களா என்று கேட்டார்கள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் அடையாள அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தார். மஞ்சளானவர்கள் மத்தியான வெயிலிலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு காய்கறிக்கடைக்குப் போனார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள், பாவம் மஞ்சளாட்டம் இருக்குது என்று சொல்லிவிட்டுத் தக்காளி பொறுக்கினார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் ஏன் தாங்கமுடியாமல் தவிக்கிறார் என்று போய்க் கேட்கலாமே என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. கேட்டால் உட்காரவேண்டும், உட்கார்ந்தால் காபி குடிக்கவேண்டும், அப்புறம் சீரியல் போய்விடும்.

இதற்கிடையில்தான் பரிமளாவின் பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா ஒரு கண்டுபிடிப்பைச் செய்தாள். அவளுடைய பட்டுப் புடவையை இஸ்திரி போடுகிறவர் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார், அவளுக்கு விளக்கு மஞ்சளாயிற்று, அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்து வாய்ப் பழக்கத்தில் “செரி பரவாயில்ல போங்க” என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, டிக் என்று பச்சை வந்துவிட்டது. வயிறு மட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வயிற்றில் விளக்கு இல்லையே.

அன்றிலிருந்து அமுதசுரபி கார்டனில் பரவாயில்லை மழையாகப் பொழிந்தது. வேலை போனவருக்குப் பரவாயில்லை, கர்ப்பம் கலைந்தவளுக்குப் பரவாயில்லை, பையன் பேசுவதை நிறுத்திவிட்ட தகப்பனுக்குப் பரவாயில்லை, யாரும் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே ஒரு பரவாயில்லை. பரவா என்றால் என்னவென்று அந்த லேஅவுட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அசோசியேஷன் செயலாளர் பொங்கியண்ணன், ஒரு காலேஜில் பிரின்ஸ்பாலாக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் தெரியாது. ஒரு மஞ்சள்கூட இல்லாமல் இருந்தால் லேஅவுட்டுக்கு ‘முழுப் பச்சை’ விருது தருவதாக நகரத்துச் சங்கம் ஒன்று அறிவித்ததும் அவருக்குத் தூக்கம் போயிற்று. நேரே பரிமளா வீட்டுக்கு வந்தார்.

“அம்மணி, அலர்ட்டெல்லாம் உங்க போனுக்குத்தான் வருதாமா. யாருக்காச்சும் மஞ்சளானா வீடு வீடாப் போயிப் பரவாயில்லைன்னு சொல்லீட்டிருக்க எங்களுக்கு நேரமில்லீங்க. நீங்க ஆபீஸ்ல இருந்தே அமுத்தி விட்டுருங்க. அப்புறம் என்னோட வரம்ப மட்டும் கொஞ்சம் உசத்தி வெச்சிருங்க. பொது வாழ்க்கையில இருக்கறவன் பாருங்க.”

பரிமளா உயர்த்தினாள். அவருக்கு உயர்த்தியதைக் கேள்விப்பட்டு வந்தவர்களுக்கெல்லாம் உயர்த்தினாள். இழை முனையைத் துடைக்காமல் பட்டனை அழுத்துவது என்ன காரியம் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை, ஆனாலும் அழுத்தினாள். ஆபீசில் வித்யாசாகருக்கு அழுத்தி அழுத்தி அவள் விரலுக்கு அது பழகியிருந்தது.

அலர்ட்டிலேயே அதிகம் வந்தது அவள் வீட்டிலிருந்துதான். அவள் புருஷன் மகுடபதி பம்பு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். அவன் அப்பா நஞ்சப்பன் பக்கவாதத்தில் விழுந்தபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்றாயிற்று, மகுடபதி நானே இருக்கிறேன் என்றான். அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பான், குளிப்பாட்டுவான், மலம் அள்ளுவான், கஞ்சி ஊட்டுவான், நடுநடுவே சமையலும் முடிப்பான். வீட்டுக்கு வருகிற சொந்தபந்தமெல்லாம் கை கால் பிடிக்க உட்காராமல், வாசலில் நின்றபடியே “ஆம்பளையா இருந்துட்டு இத்தனை செய்யறியே மகுடு, பரவாயில்லையே!” என்று மெச்சிவிட்டுப் போகும். பரவாயில்லை என்றாலும் பச்சை, பரவாயில்லையே என்றாலும் பச்சை. பரிமளா சாயங்காலம் வந்து, என்னங்க ஆச்சு, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது என்று கேட்டால், “ஒண்ணுமில்ல பரிமளா, பரவாயில்ல” என்பான். அவனே சொல்லிவிட்டானே என்று அவளும் குளிக்கப் போய்விடுவாள்.

ஒருநாள் மீட்டிங்கில் வித்யாசாகர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அதிர்ந்தது, அடங்கியது, மறுபடி அதிர்ந்தது. மகுடபதி, வரம்பு மீறல். மகுடபதி, வரம்பு மீறல். வித்யாசாகர் அவளை முறைத்தார். பரிமளா மேசைக்கு அடியில் போனை எடுத்து, லேஅவுட்டிலேயே யாருக்கும் இல்லாத அளவுக்கு அவன் வரம்பை உயர்த்தி வைத்தாள். அவர் தாங்குவார், எப்பவும் தாங்குகிறவர்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் போன் அதிரவே இல்லை. வீடு இவ்வளவு நிம்மதியாகிவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்த அன்றைக்கு டேட்டா சென்டர் ஒரு மஞ்சள்கூட இல்லாமல் பச்சையாக இருந்தது. வித்யாசாகர் கோட்டுப் போட்டுக்கொண்டு, பெரிய திரையைக் காட்டி, எங்கள் சென்டரில் பிழை என்பதே கிடையாது என்று பேசினார். வந்தவர்களில் மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து “பரவாயில்லையே” என்றார். அவர் சொல்லி முடிக்கவும் பதினோராம் போர்ட் அணைந்தது. மஞ்சளாகவில்லை, சிவக்கவில்லை, விளக்கே இல்லை. வேலி அந்தப் போர்ட்டைச் சாத்திவிட்டது.

வித்யாசாகர் பரிமளாவைப் பார்த்தார், பரிமளா திரையைப் பார்த்தாள், அந்த நேரத்தில்தான் ருக்குமணி அக்காவிடமிருந்து போன் வந்தது.

“பரிமளா, உடனே கிளம்பி வா கண்ணு. உங்க மாமனாரு சத்தம் போட்டுட்டே இருக்காருன்னு போயிப் பாத்தேன். மகுடு அடுப்படியில கரண்டியப் புடிச்சிட்டு நிக்கறான். அசையமாட்டீங்கறான், பேசமாட்டீங்கறான். கண்ணு மட்டும் தொறந்திருக்குது. காதுக்குக் கீழ வெளக்கே காணோம்.”

“மஞ்சளா இருக்குதா அக்கா?”

“மஞ்சளும் இல்ல, பச்சையும் இல்லீங்கறேன். அணைஞ்சே போச்சு!”

பரிமளா ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். எங்கம்மா போறீங்க, மொதல்ல போர்ட்டத் தொறங்க என்று கத்திய வித்யாசாகரைத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். ஸ்கூட்டியில் போகிற வழி முழுக்க, அந்தப் போனில் எத்தனை முறை விரலை வைத்தோம் என்பதுதான் அவள் நினைப்பில் ஓடியது.

வீட்டுக்குள் லேஅவுட்டே கூடியிருந்தது. பொங்கியண்ணன் நடுவில் நின்று கையை உயர்த்தித் தாளம் போட, அத்தனை பேரும் மகுடபதியைச் சுற்றி நின்று, பஜனை மடத்தில் பாடுகிற மாதிரி பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் ஒரு வரிசை பரவாயில்லை என்க, பெண்கள் ஒரு வரிசை பரவாயில்லையே என்க, ருக்குமணி அக்கா அழுதுகொண்டே பரவாயில்ல மகுடு பரவாயில்ல என்க, இடையில் உள்ளறையிலிருந்து நஞ்சப்பன் “மகுடு எங்கடா? மகுடு எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகுடபதி கரண்டியோடு நின்றான். கரண்டியிலிருந்து சொட்டிய ரசம் அவன் காலடியில் காய்ந்துபோயிருந்தது.

“நாளான்னைக்கு விருதுக் கமிட்டி வருது அம்மணி” என்றார் பொங்கியண்ணன். “அணைஞ்சிருந்தா அதப் பச்சையில சேத்துவாங்களா, மஞ்சள்ல சேத்துவாங்களா?”

“எல்லாரும் வெளிய போங்க” என்றாள் பரிமளா.

“நாங்க ஒத்தாசைக்குத்தான...”

“வெளிய போங்க!”

அந்த லேஅவுட்டில் அவள் இதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. எல்லோரும் போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்கள்.

பரிமளா அவன் கையிலிருந்த கரண்டியை மெல்ல உருவினாள். அவனைப் பிடித்து அடுப்படித் தரையிலேயே உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தாள். சாத்திய போர்ட்டை எப்படித் திறப்பது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். முனையைப் பார்க்கவேண்டும். அதற்குத்தான் இத்தனை நாளும் நேரமில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், கன்னம் உள்ளே போயிருந்தது, கழுத்தில் எப்போது வந்ததென்று தெரியாத ஒரு நரம்பு, நகக்கண்ணெல்லாம் டெட்டால் பட்டு வெளுத்திருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே, பழக்கதோஷம், நாக்கு நுனிக்குப் பரவாயில்லையும் வந்துவிட்டது. பாதி வார்த்தை வெளியேகூட விழுந்துவிட்டது.

“பரவா...” என்றாள்.

மீதியை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, அந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

“பரவா இருக்குதுங்க.”

ஜன்னலுக்கு வெளியே பொங்கியண்ணன், அப்படியொரு சொல்லே தமிழில் கிடையாது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

“பரவா இருக்குதுங்க” என்று அவள் மறுபடியும் சொன்னாள். “நெறைய இருக்குது. நான்தான் பாக்காம அமுத்தி அமுத்தி விட்டுட்டேன். உங்க வரம்ப உசத்துனதும் நான்தான். சொல்லுங்க, என்னன்னு சொல்லுங்க. நான் எங்கீமும் போகல.”

மகுடபதியின் கண் அசைந்தது. உதடு ஒட்டிக்கிடந்து பிரிந்தது.

“அப்பாவுக்கு என்னயத் தெரியல பரிமளா” என்றான். “தீவாளிக்கு முன்ன இருந்தே தெரியல. பொழுதுக்கும் மகுடு எங்க, மகுடு எங்கன்னு என்னையே கேக்கறாரு. நான்தானுங்கப்பா மகுடுன்னு சொன்னா, நீ யாருடா வேலைக்காரன், எம் பையன வரச்சொல்லுங்கறாரு. கேட்டுக் கேட்டு... நானும் தேட ஆரம்பிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு அவன் வாய்விட்டு அழுதான். அவன் காதுக்குக் கீழே விளக்கு எரிந்தது. பச்சை இல்லை, நல்ல மஞ்சள், அடுப்படிச் சுவரெல்லாம் தெரிகிற மஞ்சள்.

“அய்யோ, மஞ்சள் வந்துருச்சு, சட்டுனு பரவாயில்லைன்னு சொல்லு பரிமளா!” என்று ஜன்னலிலிருந்து ருக்குமணி அக்கா கூவினாள். “நாளான்னைக்குக் கமிட்டி, கமிட்டி!” என்று பொங்கியண்ணன் கம்பியைப் பிடித்து உலுக்கினார். பதற்றத்தில் அவருடைய உயர்த்திய வரம்பும் உடைந்து அவருக்கும் மஞ்சளாயிற்று, அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பரிமளாவின் போன் அதிர்ந்தது: மகுடபதி, வரம்பு மீறல். கீழே அந்தப் பட்டன். அவள் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள், எழுந்து போய் ஜன்னலையும் சாத்தினாள்.

உள்ளறையிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. “மகுடு எங்கடா?”

மகுடபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில் தரையில் கையூன்றி எழப்போனான். பரிமளா அவன் தோளைப் பிடித்து அமர்த்திவிட்டு, உள்ளே கேட்கும்படி சொன்னாள்.

“உங்க பையன் இங்கதான் இருக்காருங்க மாமா. சித்த உக்காந்திருக்காரு. நான் வர்றேன்.”